வெர்லினோட வெள்ளை ஜட்டி

அமெரிக்காவுல எங்க அயோவாப் பக்கத்துல ஒருத்தனோட யோக்கியதையைக் கார்ல போய்க்கிட்டே சொல்லிடுவாங்க. அறுப்பு முடிஞ்சதும் நிலத்தைக் கருகருன்னு உழுது போட்டா அவன் மனுஷன். சோளத்தட்டை அப்படியே நின்னா சோம்பேறி. என் புருஷன் வெர்லின் உழுத முன்வயல் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பாங்க. அதுல அவனுக்கு இருந்த கர்வத்தை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது, கூடவே கண்ணும் கலங்குது.

அப்பத்தான் எங்க கவுண்டி, அதாவது மாவட்டத்தோட மண் பாதுகாப்பு ஆபீஸுக்கு மார்லா வந்தா. ஆபீஸ்னா அவ ஒருத்திதான். கூடவே, உழாம விதைக்கிற மெஷின் ஒண்ணு, விவசாயிங்களுக்குப் பொதுவா. யாரும் சீண்டல.

"ஒரு துண்டு நிலம் உழாம விடுங்க வெர்லின். குளிர்லயும் பச்சையா நிக்கிற ரைப் பயிரை விதைச்சு மூடி வைப்போம். மழையில மண்ணு அடிச்சுட்டுப் போகாது. உழுதா காத்துல கலக்குற கார்பனும் மண்ணுக்குள்ளயே தங்கும்"னா.

"ஏம்மா, ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கணுமா?"

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி இருக்கிற சரிவைக் குடுத்துத் தொலையேன். ரோட்டுல இருந்து தெரியாது"ன்னேன். அந்த ஒரே காரணத்துக்காகக் குடுத்தான்.

சில வருஷம் ஓடுச்சு. "ஒரே ஒரு விவசாயி செய்யுறதுக்கு ஒரு ஆபீஸா? கோடைக் கூட்டத்துல பலனைக் காட்டு, இல்லைன்னா பணம் கிடையாது"ன்னு கவுண்டி போர்டு மார்லாவுக்குக் கெடு வெச்சுது. அவ ஓடி வந்து கேட்டது என்ன தெரியுமா? ரெண்டு புதுப் பருத்தி ஜட்டி. முன்வயல்ல ஒண்ணு, சரிவுல ஒண்ணு புதைக்கணுமாம். எதுக்குன்னு அவ விளக்குனப்ப இந்த மகராசன் டிராக்டர் எஞ்சினை அணைக்கவே இல்ல. தலையை மட்டும் ஆட்டுனான்.

அப்புறம் கேக்கணுமா! தானியக் கிடங்குல காபி குடிக்கிற கும்பலுக்குக் கொண்டாட்டம். "என்ன வெர்லின், ஜட்டி முளைச்சுதா? ஏக்கருக்கு எத்தனை டஜன்?"

கூட்டத்தன்னைக்கு அவனே தோண்டி, தீவனப் பையில போட்டுக் கட்டிக்கிட்டான். என்கிட்டகூட காட்டல. ஹால்ல மேஜை மேல மொதல் ஜட்டியை விரிச்சான். சேறு ஒட்டியிருந்துச்சே தவிர, ஒரு நூல்கூடப் பிரியல.

"பாருங்கய்யா, என் முன்வயல்! துவைச்சா நாளைக்கே போட்டுக்கலாம். அந்தச் சரிவுல என்ன மிஞ்சுச்சு தெரியுமா?" பைக்குள்ள கையை விட்டு வெறும் எலாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினான்.

மார்லா மொகம் செவந்து போச்சு. "வெர்லின்... உயிருள்ள மண்ணு பருத்தியைத் தின்னுடும். புழுவும் நுண்ணுயிரும் இருந்தாத்தான் தின்னும். முழுசாத் திரும்பி வந்தா, அங்க திங்க யாருமே இல்லைன்னு அர்த்தம்."

ஹாலே வெடிச்சுச் சிரிச்சுது. எனக்கு உயிரே போச்சு. இந்த வீம்பன் இப்பக் கோவிச்சுக்கிட்டு வெளிய போனா மார்லா கதை முடிஞ்சுதேன்னு பதறினேன். அவன் போகல. ஜட்டியையே பாத்துக்கிட்டு நின்னான்.

"எங்க அப்பா காலத்துல இருந்து சீவிச் சிங்காரிச்சது செத்த நிலமா?"ன்னான் மெதுவா. அப்புறம் நிமிர்ந்தான். "வண்டியை மெதுவாக்கிப் பாத்தீங்களே, ஒருத்தனாவது சொன்னீங்களாய்யா? இவ ஒருத்திதான் சொன்னா. இவளையும் அனுப்பிட்டா, அடுத்த மடையன் யாரைப் போய்க் கேப்பான்?"

சிரிப்பு நின்னுது. போர்டுல எல்லாரும் கை தூக்கிட்டாங்க. ஆபீஸ் பொழச்சுது.

அந்த இலையுதிர் காலத்துல முன்வயலையும் அவன் உழல. மொத ஞாயித்துக்கிழமை அந்த வழியாப் போறப்ப கார் சீட்டுல குறுகி உக்காந்துக்கிட்டான், என் ராசா. போகப் போக அந்த மெஷினுக்கு வரிசை கட்டி நின்னாங்க, அதே காபி கும்பல்.

போன வசந்தத்துல படுத்த படுக்கையா இருந்தப்ப, "ஆர்லிஸ், அந்தப் பாலியஸ்டர் கோட்டு வேணாம். பருத்திச் சட்டை போட்டு அனுப்பு"ன்னான்.

"சாகப்போற நேரத்துலயும் ஜட்டி ஞாபகமா?"ன்னு திட்டினேன். சிரிச்சான். பருத்திச் சட்டைதான் போட்டு அனுப்பினேன்.

இலை உதிர ஆரம்பிச்சதும் அவன் கல்லறை மேல ரை தூவினேன். "அலங்கோலமா இருக்கும் ஆர்லிஸ்"னு பாதிரியார் முணுமுணுத்தாரு. "இருக்கட்டும், அவனுக்குப் பழகிப் போச்சு"ன்னேன்.

இப்பக் குளிர்ல சுத்தியிருக்கிற புல்லெல்லாம் பழுப்பாக் கெடக்கு. அவன் இடம் மட்டும் பச்சையா இருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வர்றவங்க வண்டியை மெதுவாக்கிப் பாக்குறாங்க.