போர்தோனுவாவா, கிடாரா

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நெரெய்தா ஜன்னல் வழியே பார்த்தாள். கிறிஸ்பின் பெரியப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி இன்னும் வேலிக்கு வெளியேதான் நின்றார். மூன்று மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். இப்போதே இரண்டேகால். தம்பி முகத்தைப் பார்க்காமலே போய்விடுவாரோ?

அண்ணன் தம்பிக்குள் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. நிலத் தகராறா? அதெல்லாம் இல்லை. சுவரில் தொங்கும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். அப்பா ஹெரிபெர்த்தோ மலையூர்களெல்லாம் அலைந்து, பழைய தந்தி வாத்தியங்களை அளந்து, இது திப்ளே, இது குவாத்ரோ என்று பிரித்துச் சீட்டுக் கட்டியவர். தாத்தா வாசித்ததையும் விட்டுவைக்கவில்லை. பெரிய உடம்பு, பத்துத் தந்தி, அடித்தொண்டைக் குரல். வீட்டில் எல்லாருக்கும் அது போர்தோனுவா. அப்பா மட்டும் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தார், முறுக்காணித் துளைகளைத் தடவினார். ஆறு துளை பழசு, நாலு பிற்பாடு போட்டது. ஆறு தந்தி என்றால் கிடார்தானே; “கிடார்” என்று எழுதிக் கட்டிவிட்டார். பெரியப்பா கொதித்துப்போனார்.

“அப்பா சாகுற வரைக்கும் போர்தோனுவான்னுதானடா சொன்னாரு! அவரு பொய் சொன்னாரா?”

“சொன்னா ஆயிடுமாண்ணே? மரம் சொல்றதத்தான் நான் எழுதுவேன்.”

“அந்தச் சீட்டு தொங்குற வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.” மிதிக்கவும் இல்லை, மகராசன்.

நெரெய்தா இப்போது அந்தப் பழைய சீட்டை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்தை அப்படியே பார்த்து, “போர்தோனுவா” என்று புதுச் சீட்டு எழுதிக் கட்டினாள். பிறகு வேலிக்குப் போனாள்.

“உள்ள வாங்க பெரியப்பா. அப்பா போன வாரமே சீட்ட மாத்திட்டாரு.”

வந்தவர் பெட்டியிடம் போகவில்லை. நேரே சுவருக்குப் போய், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“யாரு எழுதினது?”

“அப்பாதான்.”

“பொணத்த வச்சுக்கிட்டுப் பொய் சொல்றியாடி? அந்த ‘u’ எழுத்து மேல அழுத்தத்துக்குப் போடுற சாய்கோடு எங்க? பலகையில கோடு போடாத கடைக்காரன்கிட்ட எல்லாம் சண்டைக்குப் போனவன்டி உங்கப்பன்!”

நெரெய்தா உடைந்து அழுதாள். “நீங்க ஒரு தடவ பாத்துட்டாப் போதும்னுதான் பெரியப்பா…”

“பழசக் குடு.”

அவளுடையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழையதைத் திரும்பக் கட்டினார். “செத்ததும் இறங்கி வந்துட்டான்னு ஊரு பேசணுமா? எந் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல.”

வாத்தியத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“சரிடா, நாலு துளை பின்னால போட்டதாவே இருக்கட்டும். போட்டது நம்ம அப்பாதான்னா? பத்துத் தந்தி கட்டி முப்பது வருஷம் வாசிச்சா, அது என்னடா அப்ப?”

மூன்று மணிக்கு மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பெரியப்பா திரும்பாமலே கையை உயர்த்தினார்.

“இருங்கப்பா. அவன் இன்னும் பதில் சொல்லல.”

அவர்கள் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள்.