தலைவருக்காக விட்ட வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாலுபணிஸ் வழியாக வந்து சேர்ந்தது. கொட்டகலை பஸாரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பசித்தது, மீன் அடைத்த அந்தப் பணிஸை வாங்கினேன். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த தாளில் பெயர், முகவரி, கையொப்பம் என்று கட்டம் போட்டிருந்தது. கட்டங்களுக்குள் லயத்து (தோட்டத்து வரிசைவீட்டு) முகவரிகள், கோணல் கையெழுத்துகள், இடையிடையே பெருவிரல் ரேகைகள். ரேகைகளின் மேல் எண்ணெய் ஊறி, மக்களின் கோரிக்கை அந்தப் பக்கம் வரை தெளிவாகத் தெரிந்தது.

முதல் வரி மட்டும் காலி.

உணர்ச்சியுள்ள எழுத்தாளர் யாராவது அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பார். நான் இன்னொரு பணிஸ் வாங்கினேன், அடுத்த தாளையும் பார்க்கலாமே என்று. அதிலும் முதல் வரி காலி.

ஆகவே வாசகரே, கையெழுத்துகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. இனிமேல் வருவதெல்லாம், அவை அங்கே எப்படிப் போயிருக்கலாம் என்று நானாகக் கட்டியது.

2

தொடக்கம்:

பனி விலகாத மலைச்சரிவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்—

இது தேயிலைக் கம்பெனிக் கலண்டரில் வந்துவிட்டது.

இருநூறு வருடங்களாக இரத்தமும் வியர்வையும் சிந்திய எம் மக்கள்—

இது மே தின மேடைக்குப் போயிருக்கிறது. திரும்பி வரும்போது வேறு கட்சியோடு வரும்.

சண்முகவடிவுக்கு ஒரு வீடு வேண்டும்.

சரி, இதுவே இருக்கட்டும்.

மஸ்கெலியாப் பக்கம் கல்லுமலைத் தோட்டம் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். (வரைபடத்தில் தேட வேண்டாம்.) சண்முகவடிவு அங்கே கொழுந்து பறிக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது, மண் சரியும் என்றார்கள். குடும்பங்களைப் பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடத்தில், தற்காலிகமாகக் குடிவைத்தார்கள். நான்கு குடும்பங்கள், நடுவில் சுவருக்குப் பதில் சேலை. கணவன் சுதாகரன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, தீபாவளிக்கு வருவான். மகள் சுலக்ஷனா வயதுக்கு வந்தது அந்தச் சேலைக்குப் பின்னால்தான். உடுப்பு மாற்றுவதற்கு முன் அவள் ஒருமுறை தொண்டையைச் செருமுவாள். உடனே சேலைக்கு அந்தப் பக்கம் மாயாண்டிக் கிழவர், தான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று தெரிவிப்பதற்காக இருமத் தொடங்கி, அவள் மாற்றி முடிக்கும்வரை இருமுவார். இருமல் இல்லாத மனிதர்.

ஃபெக்டரிக்குக் கீழே இருந்த சமநிலத்தை இவர்களுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்னார்கள். பிறகு அந்த இடத்தில் நின்று பார்த்தால் நீர்த்தேக்கம் அழகாகத் தெரிகிறது என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே சுற்றுலா விடுதி வரப்போகிறது.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால், பிரதேச சபை அந்தக் கேள்வியை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டே ஆகவேண்டும். இப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. நானே இயற்றினேன். விவாதம் கிடையாது, எதிர்ப்பு கிடையாது, தேநீர் ஆறுவதற்குள் நிறைவேறிற்று. பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

[சட்டம் என்றால் நம்பும்படி இருக்கவேண்டுமே என்று, "வெற்று வரி உள்ள தாள் செல்லாது" என்று ஓர் உபபிரிவும் சேர்த்தேன். பின்னால் யாரும் கள்ளப்பெயர் செருகக்கூடாது பாருங்கள். அழகுக்குத்தான் சேர்த்தேன்.]

சமநிலம் வீட்டுக்கா, விடுதிக்கா? இதுதான் கேள்வி. சண்முகவடிவு தாள்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

4

"தலவரு போட்டுட்டாரா?" என்றாள் வீரம்மா, கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல்.

"இன்னும் இல்லக்கா."

"அவரு போடாம நான் எப்புடி முந்திக்கிட்டுப் போடுறது? நாளைக்குக் கோயில்ல மூஞ்சிய மூஞ்சி பாக்க வேணாமா?"

லயத்தில் அடுத்த காம்பராவிலும் இதே கேள்வி. அதற்கடுத்ததிலும் இதேதான். தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் ஆளைத் தலைவர் என்பார்கள். திருவிழாவில் விபூதித் தட்டு முதலில் அவரிடம்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக்கு அழைப்பு, கிரிக்கெட் மெட்ச்சில் முதல் பந்து, எல்லாம் அவருக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. அவர் பெயருக்கு மேலே தன் பெயரை எழுத எவருக்கும் கை வராது.

மேல்கணக்குத் தலைவர் முத்துலிங்கம், மந்திரி ஒருவருக்குத் தான் மாலை போடும் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். (தோட்டத்துப் பிரிவைத்தான் கணக்கு என்பது.) படத்தில் மந்திரியின் முகம் மாலைக்குள் போயிருந்தது; முத்துலிங்கம் முழுதாகத் தெரிந்தார்.

"நல்ல வேல செய்யிற தங்கச்சி. நம்ம சமூகத்துக்குத் தேவையான வேல. மொத வரிய எனக்கு விட்டுரு."

"இப்பவே போட்டுட்டீங்கன்னா, தலவரே..."

"வாசப்படியில நின்னு போடுறதுக்கு இது என்ன ரெஜிஸ்டர் தபாலா? ஒரு வெளக்கு ஏத்தி, நாலு பேர வச்சு, முறையா போடணும். மேலெடத்துலயும் ஒரு வார்த்த கேக்கணும்ல."

கீழ்கணக்குத் தலைவர் கஜேந்திரனுக்குச் செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது.

"அவருக்கு மொத வரியாம்ல. அப்ப எனக்கென்ன, தாளுக்குப் பின்பக்கமா?"

"ஒங்களுக்கு வேற தாளுங்க தலவரே. அதுல மொத வரி ஒங்களுக்குத்தான்."

"எல்லாத் தாள்லயுமா?"

"எல்லாத் தாள்லயும்."

இப்படித்தான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. ஒவ்வொரு தாளிலும் முதல் வரியை விட்டுவிட்டு, "இது தலவருக்கு" என்று காட்டினாள். அவ்வளவுதான். வீரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவது வரியில் போட்டாள். லயம் லயமாகப் போட்டார்கள். தலைவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு அடக்கமாக இருப்பார்களோ, அந்தக் காலி வரிக்குக் கீழே அவ்வளவு அடக்கமாகப் போட்டார்கள். தலைவரைவிட அந்த வரி அதிகம் உழைத்தது.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் மத்தியாஸ் சேரிடமும் போனாள். (இந்தப் பாத்திரம் தேவையா என்று எனக்குச் சந்தேகம்.) தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பவர், அநீதி என்றால் குரல் நடுங்கும்.

"நீங்களே மொதல்ல போட்டுருங்களேன் சேர். படிச்சவரு, யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

"நான் கவர்மென்ட் ஆள், பிள்ளை. மேலே தெரியிற மாதிரி கூடாது. நடுவுல எங்கயாவது சின்னதாப் போடுறேன்."

போட்டார். அது கையெழுத்தா, பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கலா என்று சொல்லமுடியாது. (நீக்கவில்லை. இவரை எங்கேயோ நன்றாகப் பார்த்த மாதிரி இருக்கிறது.)

சுலக்ஷனாதான் ஒருநாள் கேட்டாள். "வீடு ஒனக்குத்தானேம்மா வேணும்? நீயே போடேன் மொத வரியில."

"வாய மூடு. நான் மேல போட்டா, கீழ போட்டவங்க பூரா அழிச்சிட்டுப் போயிருவாங்க."

சேலைக்கு அந்தப் பக்கம் மாயாண்டி இருமினார். அப்போது யாரும் உடுப்பு மாற்றவில்லை.

5

கடைசி நாள், டவுனில் சபை அலுவலகம்.

இரண்டு தலைவர்களும் இரண்டு வேன்களில் வந்தார்கள், சால்வையோடு. தாள்கட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் சண்முகவடிவின் முழங்கை இருக்கிறது.

கிளார்க் மாத்தயா சிங்களவர், நல்ல மனிதர்தான். ஒரு தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு கட்டையே விசிறிப் பார்த்தார்.

"நங்கி, மேக்க வலங்கு நே," என்றார். தங்கச்சி, இது செல்லாது. விரலால் மேல்வரியைத் தொட்டுக் காட்டினார். "இது ஏன் சும்மா?"

"அது தலவருக்கு விட்டதுங்க மாத்தயா."

"தலவர் எங்கே?"

இரண்டு சால்வைகளும் அவளுக்குப் பின்னால்தான் நின்றன. அவள் திரும்பிப் பேனாவை நீட்டினாள்.

"அண்ணன் மூத்தவரு, மொதல்ல அண்ணனே போடட்டும்," என்றார் கஜேந்திரன்.

முத்துலிங்கம் பேனாவைப் பார்த்தார். அதைவிடக் கவனமாகக் கஜேந்திரனைப் பார்த்தார். "போடுறதுக்கு என்ன. மேலெடத்துல இருந்து இன்னும் ஒண்ணும் சொல்லலயே. அவசரப்பட்டு நான் ஒண்ணப் போட்டு, பின்னால அது பெரச்சினையானா, ஒங்களுக்குத்தான கஸ்டம்?"

"அதுவும் சரிதான்," என்றார் கஜேந்திரன். தோட்டத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அதற்கு முன் எவரும் கண்டதில்லை. ஒரே வேனில் ஏறி டீ குடிக்கப் போனார்கள்.

"நாலு மணிக்கு முன்னே மேல் வரி எல்லாம் நிரப்பிக் கொண்டு வா," என்றார் கிளார்க். "வேற ஆள், இன்னும் போடாத ஆள்."

அவள் ஏற்கெனவே கீழே ஒரு வரியில் போட்டவள்; பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பழக்கடைக்காரர், ஓட்டோக்காரர்கள், வரிசையில் நின்றவர்கள், எல்லோரும் கோரிக்கையை வாசித்தார்கள். நியாயம் என்றார்கள். கீழே இவ்வளவு பேர் போட்டிருக்கிறார்களே என்று மெச்சினார்கள். பிறகு மேலே பார்த்தார்கள்.

"இந்த வரிய ஏம்மா விட்டு வச்சிருக்கீங்க? யாருக்கோ உள்ள எடம் மாதிரி இருக்கே."

"யாருக்கும் இல்லண்ணே. நீங்க போடலாம்."

"மொதோ ஆளா நான் எதுக்கும்மா? கீழ எடம் இருந்தா சொல்லுங்க."

கீழே இடம் இல்லை. நிரம்பியிருந்தது.

6

மாற்று முடிவுகள்.

தலைவர் மனம் மாறித் திரும்பி வந்து கையெழுத்திடுகிறார். எழுதிப் பார்த்தேன். பேனாவைத் திறந்தவர் கெமராக்காரன் எங்கே என்று கேட்டார், கெமராக்காரன் போய்விட்டிருந்தான்.

சண்முகவடிவு தாள்களைக் கிழித்து வீசுகிறாள், அவை வெண்பறவைகளைப் போல நீர்த்தேக்கத்தின் மேல்— வேண்டாம். அவளுக்குத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. தாள்கட்டை அலுவலகத்து மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மேசையைத் துப்புரவாக்கியவர் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார். மற்றதை நான் தின்றேன்.

அல்லது, அந்த உபபிரிவை நானே அடித்துவிடலாம். என் சட்டம்தானே? அடித்தேன். தாள்கள் செல்லுபடியாகின. வாக்கெடுப்பு வந்தது. அன்று காலை வாக்குச்சாவடி வாசலில் நீண்ட வரிசை, வரிசையின் தலையில் வீரம்மா. உள்ளே போகாமல் நின்றாள். பின்னால் திரும்பிக் கேட்டாள்: "தலவரு போட்டுட்டாரா?"

உபபிரிவைத் திரும்ப எழுதி வைத்தேன்.

விடுதி எல்லா முடிவிலும் திறக்கப்படுகிறது. வாசலில் பளிங்குக் கல். இரண்டு தலைவர்களின் பெயர்களும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில். முதல் வரியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்பது கல் வெட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

7

இரண்டாவது பணிஸ் சுற்றிய தாள் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்துவிட்டது, எழுதலாம். இதோ பேனா.

நீங்கள் அந்தச் சபைக்கு உட்பட்டவர் இல்லையா? அதனால் என்ன, இங்கே சட்டம் நான்தான், இப்போதே திருத்திவிட்டேன். காலமும் கடக்கவில்லை, நாலு மணி ஆகாதபடி கடிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் விழுந்தால் இந்தத் தாள் செல்லும். ஒரு தாள் சென்றால் அடுத்த தாளைக் கேட்க அவளுக்கு வாய் வரும். சேலைக்குப் பின்னால் சுலக்ஷனா தொண்டையைச் செருமிவிட்டாள். கிழவர் இருமத் தொடங்கிவிட்டார். வயதானவர், அதிக நேரம் தாங்கமாட்டார்.

ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்?

ஓ. நான் போட்டுவிட்டேனா என்று பார்க்கிறீர்களா?

எனக்கென்ன, போடலாம்தான். ஆனால் நான் எழுதுகிறவன், மேலே தெரிகிற மாதிரி கூடாது. நீங்கள் முதலில் போடுங்கள். நான் நடுவில் எங்காவது, சின்னதாக.