பறங்கிப்பட்டைப் பத்தியம்

மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் வேம்புலியம்மாள். நாலாவது இப்போது ஐந்து மாதம். இதையாவது உயிரோடு கையில் வாங்கிவிட வேண்டும் என்று நூம்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நர்ஸ் ராஜம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"உன் மேல தப்பில்லம்மா. இது புருஷன்கிட்டேருந்து வந்த சீக்கு. புள்ளைங்களைக் கொன்னது இதுதான். உனக்கு இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சுடறேன். ஆனா அவரும் போட்டுக்கணும். இல்லேன்னா மறுபடி உனக்கு ஒட்டிக்கும், வயித்துல இருக்கிறதுக்கும் ஒட்டிக்கும்."

மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வந்தானே பறங்கி, அவன் இறக்கிவிட்டுப் போன சரக்குதான் இந்த நோய். டாக்டர்கள் சிபிலிஸ் என்கிறதற்கு நம் வைத்தியர்கள் பறங்கி நோய் என்றே பெயர் வைத்தார்கள். மருந்தாகச் சொன்ன பறங்கிப்பட்டையும் அவன் கப்பலில் வந்ததுதான். வெள்ளைக்காரன் கோட்டையைக் காலி செய்து இருபது வருஷமாகிறது. நோய் மட்டும் போன பாடில்லை. லாரி ஏறி பெங்களூர் ரோட்டில் போய்வந்துகொண்டிருக்கிறது.

அந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறவன்தான் வேம்புவின் புருஷன் துலுக்கானம். விஷயத்தைச் சொன்னதும் அவன் அதிரவில்லை.

"அது எப்பவோ பூட்ச்சிமே. வைத்தியரு பறங்கிப்பட்டை சூரணம் குட்த்தாரு. வருசா வருசம் பத்தியம் இருந்தேனே, நீதானே ஆக்கிப் போட்ட?"

ஆக்கிப் போட்டவள் அவள்தான். லாரி ஓட்டுகிற உடம்பு, சூடு என்று சொன்னான், நம்பினாள். நாற்பது நாள் உப்பில்லாமல், புளியில்லாமல், தானும் அதையே தின்று, பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். பிள்ளை செத்துப் பிறந்தபோதெல்லாம் சொந்தக்காரர்கள் இவளைத்தான் பழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறக்கவில்லையே!

"அப்ப எல்லாம் தெரிஞ்சிகினுதான் இருந்தியா? மூணு புள்ளைய வாரிக் குட்த்தேனேயா!"

"ஊசின்னா பேர் எழுதுவாங்கோ. ஷெட்டுல தெரிஞ்சா மானம் பூடும்" என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டு மாதம் கெஞ்சினாள். காலைப் பிடித்தாள். டிரிப் முடிந்து வருகிறவனைத் தள்ளி நிறுத்தவும் முடியவில்லை. தள்ளினால் அடி விழுந்தது. ஏழாம் மாதம் மறுபடி ரத்தம் பார்த்த ராஜம்மா, "திரும்ப வந்துடுச்சு வேம்பு" என்றாள்.

வேம்பு நேரே குமணன்சாவடி லாரி ஷெட்டுக்குப் போனாள். லோடு ஏற்றிப் புறப்பட நின்ற புருஷனின் லாரிக்கு எதிரே, பம்பரில் வயிறு படும்படி நின்றாள். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள்.

"ஏத்துயா! எம் மேல ஏத்திகினு போ! உனக்குப் பறங்கி நோய் கீது. அத்த எனக்குக் குட்த்த, எம் புள்ளைங்களுக்கும் குட்த்த. ஊரே கேக்கட்டும்!"

மானம் போயிற்று, இருவருக்கும் சேர்த்தே. இனி நூம்பலில் ஒருத்தியும் தன் குடத்தைத் தொடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினாள். பிள்ளையைத் தவிர வேறு எது போனாலும் போகட்டும் என்றிருந்தது.

துலுக்கானம் இறங்கினான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டான்.

ராஜம்மா வேம்புவைப் படுக்கவைத்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். உள்ளே சத்தமில்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், அடுத்த ஊசிக்கு எப்ப வரணும்?" என்று கேட்டான் துலுக்கானம்.

வேம்பு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இனிமே நீ எப்ப வந்தா இன்னா?" என்றாள்.