விண்டேஜ் சீட்டும் லெவென்டேயின் கையும்

விண்டேஜ் என்றால் பழசு என்று நினைத்துக்கொண்டு ரெகின் ஊருக்கு வந்து இறங்குகிறவர்களைக் கண்டாலே கிட்டார் செய்கிற அவ்ராமுக்கு ஆகாது. "எந்த வருஷத்து கிட்டார் இது?" என்பார்கள். "போன மாசத்துது" என்பான். வந்தவர் முகம் சுருங்கிவிடும். அப்புறம் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டும். மரம் புதுசு, கம்பி புதுசு, செய்முறைதான் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தியது. மேல்பலகை மெல்லிசு, வார்னிஷ் பூசினதே தெரியாது, எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டுத்தோலைக் காய்ச்சின பசை. வேறு எதுவும் கூடவே கூடாது. அந்தப் பசை சூடு காட்டினால் பேசாமல் விட்டுக்கொடுக்கும். நாளைக்கு எவனோ ஒருத்தன் பிரித்துப் பழுது பார்க்கலாம். கிட்டாருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் 'விண்டேஜ்' சீட்டுக்கு அதுதான் அர்த்தம்.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் பண்ணின வாய்தான் இன்றைக்குப் பட்டறைக்காரர்களின் சங்கக் கூடத்தில் உலர்ந்து கிடந்தது.

காரணம், போன ஜனவரியில் ஒரு காலை. விறகு ஈரம். பட்டறை சூடாகவே மாட்டேன் என்றது. கம்பிகளைத் தாங்கும் கட்டையை, அதாவது குதிரையை, மேல்பலகையில் ஒட்ட வேண்டும். தோல் பசை தடவி ஒரு நிமிஷத்துக்குள் அழுத்திவிடவேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். இரண்டு தரம் உறைந்தது, இரண்டு தரமும் சுரண்டி எடுத்தான். மூன்றாவது தரம், என்ன சனியன் பிடித்ததோ, அலமாரியில் இருந்த கடைப் பசை பாட்டிலை எடுத்துவிட்டான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அப்புறமாகப் பிரித்து ஒழுங்காக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பிரிக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மனுஷன் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

ரெகினில் ஏழு பட்டறைக்கும் சேர்த்து ஒரே விண்டேஜ் சீட்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் சங்கம் பொறுக்குகிற ஒரு கிட்டாரைக் கொண்டுவர வேண்டும்; இந்தத் தரம் அவ்ராமுக்கு விழுந்தது அந்த ஜனவரிக் கிட்டார். சூடாக்கின கத்தியைக் குதிரைக்கு அடியில் நுழைப்பார்கள். தோல் பசை என்றால் சுத்தமாகக் கழன்று வரும், பிடிக்கிறவன் கை தவறினால் ஒழிய. கத்தியைப் பிடிப்பது செய்தவனும் இல்லை, நடுவரும் இல்லை. செய்தவனுடைய நெருங்கின சிநேகிதன். அப்போதுதான் பின்னால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவ்ராமுக்குப் பதினெட்டு வருஷமாகக் கத்தி பிடிப்பவன் பக்கத்துப் பட்டறை லெவென்டே.

"என்னடா லெவென்டே, கை ஆடுது? ராத்திரி பிளம் சாராயம் எத்தனை?" என்றான் ஒருத்தன். காபி ஊற்றும்போது லெவென்டேயின் கை கொஞ்சம் ஆடியதைக் கூடமே பார்த்திருந்தது.

"உன் வீட்டுச் சாராயத்தைக் குடிச்சா கை இல்லடா, தலையே ஆடும்" என்றான் லெவென்டே. எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவ்ராமுக்குள் ஒன்று கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குள் லெவென்டே கத்தியை நுழைத்தான். கொஞ்சம் அழுத்தினான். சடக்கென்று ஒரு சத்தம். குதிரை தனியாக வரவில்லை. மேல்பலகையின் மரத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் மரம் மூடியிருந்ததால் பசை கண்ணுக்கே தெரியவில்லை. கடைப் பசை சூட்டில் வேறு வாடை அடிக்கும்தான், ஆனால் கூடத்தில் ஏழு பசைச் சட்டிகள் சூடேறிக்கொண்டிருந்தன. எந்த வாடை எதிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

லெவென்டேயின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. "என் கைதான்" என்றான். "ஸ்மரண்டாம்மா, என் கைதான். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

சங்கத் தலைவி ஸ்மரண்டா அவன் தோளைத் தொட்டாள். அவன் அப்பா கை நடுக்கத்தில் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல் ஆறு வருஷம் படுத்துக் கிடந்தது அவளுக்கும் தெரியும். "அவ்ராம் மேல தப்பில்ல. சீட்டு அவனுக்கு உண்டு" என்றாள். அவ்ராமைச் சந்தேகப்பட அந்த ஊரில் ஆளே கிடையாது.

அவ்ராம் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. சொன்னால் சீட்டு போகும், பட்டறை போகும், ஏழு பேர் நடுவில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால்? பக்கத்துப் பட்டறையில் ரம்பச் சத்தமே கேட்கவில்லை. லெவென்டேயின் மனைவி பிரோஷ்கா வேலியோரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று அவ்ராம் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டான். திட்டினதோடு சரி.

எட்டாம் நாள் மதியம் லெவென்டே கூப்பிட்டனுப்பினான். மேஜை மேல் அவன் உளிகள் வரிசையாகத் துணியில் கிடந்தன.

"எடுத்துக்கோடா. வெளியாள் கைக்குப் போறதுக்கு உன்கிட்ட இருக்கட்டும்."

"வேண்டாம்டா."

"என்னடா வேண்டாம்? இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் உளி பிடிக்கவா?"

அதற்கு மேல் அவ்ராமால் தாங்க முடியவில்லை. "உன் கையில ஒண்ணுமில்லடா! நான் கடைப் பசை போட்டு ஒட்டினேன். நான்தான்டா!"

லெவென்டே அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "எனக்காகப் பொய் சொல்றியா? உன் நல்ல மனசு தெரியும்டா. போ, சும்மா இரு."

அவ்ராம் ஓடினான். பிய்ந்த குதிரையைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த மரத்தைச் சீவி, அடியில் இருந்த பசையைச் சுரண்டி, கத்தி நுனியில் வைத்து அடுப்பில் காட்டினான். கை வெடவெடவென்று நடுங்கியது அவனுக்குத்தான். தோல் பசையாக இருந்தால் எலும்புச் சூப் வாடை வந்திருக்கும். கடைப் பசையின், காடி மாதிரியான புளிப்பு வாடை குப்பென்று எழும்பியது.

லெவென்டே குனிந்து முகர்ந்தான். இன்னொரு தரம் முகர்ந்தான். பிறகு வலக்கையைக் கண்முன்னே நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தான். கை அசையவில்லை.

"பிரோஷ்கா!" கத்திக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினான். "அடியே பிரோஷ்கா! எனக்கு ஒண்ணுமில்லடி! கை நல்லாத்தான் இருக்கு! டாக்டர் வேண்டாம்னு சொல்லு!" சிரிப்பும் அழுகையுமாக, குழந்தை மாதிரி கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். வெளியே பிரோஷ்கா வாளியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் அவ்ராம் தலையைக் குனிந்துகொண்டான். நாலு அறை விட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

லெவென்டே திரும்பி வந்தான். உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அதனதன் இடத்தில் மாட்டினான். கடைசி உளியை மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"எட்டு நாள். என் பொண்டாட்டி வேலியோரம் நின்னு அழுததை நீ பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"சரி" என்றான் லெவென்டே. ரம்பத்தை எடுத்து, பாதியில் நின்றுபோன பலகையை அறுக்க ஆரம்பித்தான். அவ்ராம் வெகுநேரம் நின்றான். லெவென்டே திரும்பிப் பார்க்கவே இல்லை.