எதை என்று எழுதவில்லை

வேலாங்குளம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் இஞ்ஞாசிமுத்துவுக்குக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

கிராம முன்சீப் முத்துவீரனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பிறப்பு இறப்புப் பதிவு, தாலுகா கச்சேரிக்குப் போகும் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பார். வாத்தியார் குடியிருந்த ஓட்டு வீடு முன்சீப்பினுடையது. வாடகை என்று அவர் வாய் திறந்து கேட்டதில்லை. எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று வாத்தியாரும் சொன்னதில்லை. இப்படி ஐந்து வருஷம் ஓடியது.

முப்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில் வாய்க்கால் கரையில் வயல்காரர் சுருளியாண்டி செத்துக் கிடப்பதாகக் கேட்டு ஊர் திரண்டு ஓடியது. கழுத்தில் இரண்டு காயம். பாதி உடம்பு கரையிலும் கால்கள் தண்ணீரிலும் கிடந்தன. பக்கத்திலேயே மடை திறந்து அவருடைய வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முன்சீப் ஒரு ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாத்தியாரும் காகிதம், மைக்கூட்டோடு வந்தார்.

போலீசுக்கு ஆள் போயிருந்தது. அவர்கள் வருவதற்குள் முதல் விசாரணை செய்து வைப்பது முன்சீப்பின் வேலை.

முன்சீப் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏலே, மடையை வெட்டுனது யாருலே?"

கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவாசி முன்னால் வந்தான். முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவன் வேலை. தோளில் மம்பட்டி இருந்தது.

"நான்தான் வெட்டுனேன், சாமி. கோழி கூப்பிட வெட்டிவிட்டுட்டுக் கீழ மடைக்குப் போயிட்டேன்."

முன்சீப் வாத்தியார் பக்கம் திரும்பினார். "எழுதும். அம்மாவாசி சொன்னது. 'நான்தான் வெட்டினேன். கோழி கூப்பிடும் நேரத்தில் வெட்டிவிட்டுக் கீழ்மடைக்குப் போய்விட்டேன்.' அவன் பெருவிரலை உருட்டி வாங்கும். அடியில நீரும் ஒரு கையெழுத்துப் போடும்."

வாத்தியாரின் பேனா நின்றது. "மடையைன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிருவமா?"

"அவன் வாயிலருந்து வந்ததை மட்டும் எழுதும். கூடக் கொறச்சு எழுதுனா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்."

அவன் வாயிலிருந்து வந்தது அதுதான், பொய்யில்லை. வாத்தியார் எழுதினார். அம்மாவாசி பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு, பதித்து முடித்ததும் விரலை வாய்க்காலில் கழுவினான்.

மத்தியானம் வந்த சப் இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். "நீதானா வெட்டினது?" என்றார். அம்மாவாசி பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, நான்தான்" என்றான். விலங்கு பூட்டும்போதும் அவனுக்கு விளங்கவில்லை. "மொறைத் தண்ணிதாங்க, எசமான். வேணும்னா யாரையும் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலமே வாத்தியார் முன்சீப் வீட்டுக்குப் போனார். முன்சீப் ஈஸிச்சேரில் சாய்ந்திருந்தார். அவருடைய அக்கா மகன் நல்லகண்ணு எந்நேரமும் அங்கேயே கிடப்பவன். அன்றைக்கு அவனைக் காணவில்லை. காலையிலேயே மலைக்கு, ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டானாம். அவனுக்கும் சுருளியாண்டிக்கும் வரப்புத் தகராறு இருந்தது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"முன்சீப் அய்யா, போலீசு வேற மாதிரி அர்த்தம் பண்ணிட்டாக. நாம போயி ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"நாமளா?" முன்சீப் கண்ணை மூடியபடியே கேட்டார். "எழுதுன கை உம்ம கை. கீழ கையெழுத்தும் உம்மதுதான். இப்பப் போயி மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உம்மைத்தான் உள்ள வைப்பாக. புள்ளை குட்டிக்காரரு, பாத்துக்கிரும்."

வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அதுவும் முன்சீப்பின் வீடுதான் என்பது வாசல்படி ஏறும்போது உறைத்தது. மனைவி மதலேனாளிடம் சொன்னார். அவள் மடியில் கிடந்த கைப்பிள்ளையைத் தட்டியபடி, "இங்கன விட்டா நமக்கு எங்கன எடம் இருக்கு? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள்.

அவரும் சும்மா இருந்தார். ஆவணி போய்ப் புரட்டாசி, ஐப்பசி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே முன்சீப் வீடு. பாடம் நடத்திக்கொண்டே தலையைத் தூக்கினால் ஈஸிச்சேரும் அதில் புரை விழுந்த கண்களும் தெரியும். அந்தக் கண்ணுக்குத் தான் தெரிய மாட்டோம் என்று தெரிந்தும் வாத்தியாருக்கு முதுகு கூசும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே இருட்டு, திறந்தால் முன்சீப். பிள்ளைகளுக்குச் சொல் கொடுத்து வாக்கியத்தில் அமைக்கச் சொல்லும் பாடம் வந்தபோது அந்தப் பக்கத்தைத் தள்ளி அடுத்த பக்கத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டால் பாவமன்னிப்பு மந்திரம் பாதியிலேயே நின்றுவிடும்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் அம்மாவாசியின் மனைவி சோணையம்மாள் வந்தாள். களையெடுத்துவிட்டு வந்த சேறு காலில் அப்படியே காய்ந்திருந்தது.

"வாத்தியாரய்யா, எங்க வீட்டுக்காரரு சொன்னதா நீங்க எழுதுனீகளாமே. அதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

"காகிதம் இப்ப எங்கிட்ட இல்லைம்மா. கோர்ட்டுல இருக்கு."

"எழுதுன உங்களுக்கு மறந்தா போச்சு?"

மறக்கவில்லை. மூன்று மாதமாக அந்த இரண்டு வரியைத் தவிர வேறெதுவும் அவர் தலையில் ஓடவில்லை. சொன்னார்.

சோணையம்மாள் இன்னும் ஏதோ வரும் என்பது போல அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்புட்டுத்தானா? எதை வெட்டுனாகன்னு எழுதலையா?"

"எழுதலை."

"ஏன்?"

வாத்தியார் மைக்கூட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"நேத்து நான் ரெண்டு கட்டு வெறகு வெட்டுனேன்," என்றாள் அவள். "வெட்டுனேன்னு சொன்னா என்னையும் புடிச்சுட்டுப் போவாகளா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க." அவள் அழவில்லை. வந்த வழியே போய்விட்டாள்.

கார்த்திகையில் உத்தமபாளையம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணை என்று சம்மன் வந்தது. மாஜிஸ்திரேட் சரியென்றால் கேஸ் மதுரைக்குப் போகும். மதுரைக்குப் போனால் தூக்குக் கயிறுதான் என்று ஊர் பேசியது. சாட்சிகளில் முன்சீப் ஒருவர், வாத்தியார் ஒருவர்.

அன்று விடிந்ததும் வாத்தியார் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, மதலேனாள் அடுக்களைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"பொழுது சாஞ்சு அவசரமா கட்டுறதுக்கு இப்பவே கட்டி வச்சுட்டா வேலை மிச்சம்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "நீங்க மூணு மாசமா சோறு திங்கிற லட்சணத்தை நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். போயிட்டு வாங்க."

பஸ்ஸில் முன்சீப் அவருக்குப் பக்கத்து இடம் பிடித்து வைத்திருந்தார். ஜன்னலோரம் வாத்தியார், வழியை அடைத்துக்கொண்டு முன்சீப். வழியெல்லாம் அவர் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினார். உத்தமபாளையம் நெருங்கும்போது வாத்தியாரின் தொடையில் கையை வைத்தார். கனமான கை.

"கேட்டதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிரும்."

கோர்ட்டில் அம்மாவாசியைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். சப் ஜெயிலில் மூன்று மாதம் கிடந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எதிர்க் கூண்டில் வாத்தியார் ஏறினார். அவர் பின்னால் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்கள். சர்க்கார் தரப்பில் கேஸ் நடத்திய இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் காட்டினார்.

"இது உம்முடைய கையெழுத்தா?"

"ஆமாம்."

"இதில் இருப்பது கைதி சொன்ன வார்த்தைகளா?"

"ஆமாம்."

"சரி, இறங்கலாம்."

சேவகன் கொக்கியை எடுத்தான். வாத்தியார் இறங்கவில்லை. கூண்டின் மேற்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, ஒன்று சொல்ல வேண்டும். அவன் சொன்ன பதிலை எழுதினேன். அவனைக் கேட்ட கேள்வியை எழுதவில்லை."

மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார். சாட்சியத்தை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார். "என்ன கேள்வி?"

"'மடையை வெட்டினது யார்' என்று முன்சீப் கேட்டார். அதற்குத்தான் 'நான்தான் வெட்டினேன்' என்றான்."

"யுவர் ஆனர்," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "காலடியில் பிணம் கிடக்கிறது. ஒருவன் வெட்டினேன் என்கிறான். இதில் இரண்டு அர்த்தம் எங்கிருந்து வரும்?"

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் கையமர்த்தினார். "வாத்தியாரே, இதை நான் இங்கிலீஷில் எழுதியாக வேண்டும். உங்கள் ஊரில் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் சொல்லுவார்கள்? வாக்கியமாகச் சொல்லும்."

பிள்ளைகளிடம் நூறு தடவை கேட்ட கேள்வி. வாத்தியாருக்கு இப்போது புத்தகத்தில் இருந்த ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை. எதிர்க் கூண்டில் அம்மாவாசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன சித்திரையில் முன்சீப் அவர்கள் தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள்," என்று ஆரம்பித்தார். "வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் பையன்களுக்கு முடி வெட்டினோம். முந்தாநாள் மேற்கு மலையில் மின்னல் வெட்டியது. இவன் பெண்டாட்டி விறகு வெட்டுகிறாள். இப்போது நான் பேசும்போது இன்ஸ்பெக்டர் அவர்கள் என் பேச்சை வெட்டினார்கள்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"இவனுக்கு அது தினசரித் தொழில், அய்யா. 'வெட்டிவிட்டேன்' என்றால் தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மடை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது மடையை என்று யாரும் சொல்வதில்லை."

"பிணமும் கண்ணுக்கு முன்னால்தானே கிடந்தது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமாம். அதனால்தான் கேள்வியையும் எழுதியிருக்க வேண்டும். 'மடையை' என்று சேர்க்கட்டுமா என்று அப்போதே கேட்டேன். முன்சீப் வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது."

மாஜிஸ்திரேட் அம்மாவாசியைப் பார்த்தார். "அன்றைக்கு நீ எதை வெட்டினாய்?"

"மடையைத்தான், சாமி. என் கையில மம்பட்டிதான இருந்துச்சு. அதை வச்சு வேற என்னத்தை வெட்ட?" மூன்று மாதமாக யாரும் அவனை இந்தக் கேள்வி கேட்கவில்லை போலிருந்தது. சொல்லி முடித்ததும் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

மாஜிஸ்திரேட் டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். காயம் அரிவாள் போன்ற மெல்லிய வளைந்த அலகால் ஏற்பட்டது என்று அதில் இருந்தது. போலீஸ் கொண்டுவந்து வைத்திருந்த மம்பட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் கேட்டார்:

"இதைச் சொல்ல மூன்று மாதம் ஏன்?"

வாத்தியார் மேற்கட்டையிலிருந்து கையை எடுத்துக் கீழே இறங்கினார். மாஜிஸ்திரேட்டும் அதை வற்புறுத்தவில்லை.

அடுத்த வாய்தாவில் அம்மாவாசியை விடுதலை செய்தார்கள். நல்லகண்ணுவைத் தேடி மலைக்குப் போன போலீஸ் வெறுங்கையோடு திரும்பியது. எல்லை தாண்டித் திருவிதாங்கூருக்குள் போய்விட்டான் என்றார்கள். முன்சீப் முன்சீப்பாகவே இருந்தார். கேட்ட கேள்வி தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். எழுத்து வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துக்கொண்டார்.

வாத்தியார் குடும்பம் பள்ளிக்கூடத்தின் பின்னால் விறகு போட்டு வைத்திருந்த அறைக்குக் குடி போனது. மூன்று பிள்ளைகளோடு அதில் ஒருவர் நீட்டிப் படுத்தால் இன்னொருவர் மடங்கிப் படுக்க வேண்டும். மாற்றல் கேட்டு மறைமாவட்டத்துக்கு நான்கு தடவை எழுதினார். ஆள் இல்லை, பொறுத்திரும் என்று நான்கு தடவையும் ஒரே பதில் வந்தது. எதிரே ஈஸிச்சேர் அப்படியே இருந்தது. வாத்தியார் குரலைக் கேட்டால் முன்சீப் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

தை மாதம் ஒரு காலையில் வாய்க்கால் கரையில் அம்மாவாசியை வாத்தியார் தனியாகச் சந்தித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருந்தார். ஆனால் அம்மாவாசி முந்திக்கொண்டான்.

"நீங்க எழுதுனதாலதான் உள்ள போனேன். நீங்க சொன்னதாலதான் வெளிய வந்தேன். உங்களை என்ன சொல்றதுன்னு எனக்கு வெளங்கல, வாத்தியாரய்யா."

"எதையும் சொல்ல வேண்டாம், அம்மாவாசி."

"முந்தி மாதிரிப் பேச வரமாட்டேங்குது. ஒரு சொல்லு சொல்றதுக்குள்ள அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்குன்னு யோசிக்க வேண்டியிருக்கு. வீட்டுல அவகிட்டகூட கையைக் காட்டித்தான் கேக்குறேன்."

மேல்வயல்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். "அம்மாவாசி, என் வயலுக்கு வெட்டிட்டியா?" என்று கேட்டார்.

அம்மாவாசி வாயைத் திறந்தான். பிறகு மம்பட்டியைத் தோளிலிருந்து இறக்கி, தண்ணீர் ஓடும் திசையைக் காட்டினான். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார். அம்மாவாசியும் கரையோடு கீழ்மடைப் பக்கம் நடந்தான். அவன் தென்னந்தோப்புக்குள் மறையும்வரை வாத்தியார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.