ஜாகரின் வலது கால்

ஸ்பிரிதோன் கைவைத்த இரும்பு மூன்று நாள் ஆறாது. வெளியே மைனஸ் ஐம்பத்தைந்து என்றாலும் அப்படித்தான். சைபீரியாவில் வில்யூய் ஆற்றுக்கு வடக்கே, துளைபோடும் ரிக்குகளைப் பழுதுபார்க்க இருபத்தொரு குளிர்காலம் போனவன் அவன். மற்றவர்கள் இரட்டைக் கையுறை போட்டும் விரல்தோலை இரும்புக்குத் தானம் கொடுத்துவிட்டு வருவார்கள். இவன் அடுப்பு நெருப்புக்கு ஒரு துண்டு வெண்ணெய் படைத்துவிட்டு, வெறுங்கையோடு போய் கியர்பெட்டியைத் தடவுவான்; பனி சொட்டும். அவன் பிடித்த ஸ்பேனரைச் சமையல்காரி அக்குலினா இரவல் வாங்கி, மாவு சீக்கிரம் பொங்கட்டும் என்று மாவுப்பானைக்கு அடியில் வைப்பாள். யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

இரும்புக்குத்தான் மூன்று நாள். மனிதர்களுக்குக் கணக்கு வேறு. ரிக் மேஸ்திரி ஜாகர் ஒருமுறை ஆற்றுப்பனி உடைந்து முழங்கால்வரை இறங்கிவிட்டான். வலது கால் விறகுக்கட்டையாகிவிட்டது. வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். ஸ்பிரிதோன் அந்தக் காலை ஒரு பகல் முழுக்க மடியில் வைத்துப் பிடித்திருந்தான். கால் பிழைத்தது, அதில் ஏறிய இளஞ்சூடு அப்புறம் ஆறவே இல்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள்.

அங்கே ஒரே சட்டம்: நவம்பரில் போட்ட இன்ஜினை மார்ச்வரை அணைக்கக் கூடாது. ஒரு ஜனவரியில் ஜாகர் அணைத்தான். மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி ரேடியோவில் வந்தது. இன்ஜின் இரைச்சலில் ஆணா பெண்ணா என்று காதில் விழவில்லை. பெண் என்று தெரிந்துகொள்வதற்குள் நாற்பது நிமிஷம் போய்விட்டது. பதறிப்போய் எப்படியோ முடுக்கினான். குளிரில் விறைத்த கியர் பற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

மறுநாளே அதிகாரி ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். ஜாகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஸ்பிரிதோன்தான் ஆஃப் பண்ணான். நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

ஸ்பிரிதோன் முதலில் சிரித்தான், விளையாட்டென்று. பிறகு முகம் வெளிறிப்போய், "அணைக்குற லிவரைத் தொட்டுப் பாருங்கப்பா! நான் தொட்டிருந்தா இன்னும் சுடுமே!" என்றான்.

முகாமில் இருந்த மற்ற ஆறு பேரும் வரிசையாகப் போய்த் தொட்டார்கள். அக்குலினாவின் விரல்தோல் லிவரோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் ஆறு பேரும், ஸ்பிரிதோன்தான் அணைத்தான் என்று கையெழுத்துப் போட்டார்கள். மேஸ்திரியைப் பகைத்துக்கொண்டு அடுத்த குளிர்காலம் வேலைக்குப் போக முடியுமா? அக்குலினா விரலில் கட்டுப் போட்டுக்கொண்டே போட்டாள், பாவி.

"ஒரே தட்டுலடா சாப்பிட்டோம்," என்றான் ஸ்பிரிதோன். வேலை போயிற்று, பெயரும் போயிற்று. ஊருக்குத் திரும்பி மாடு வளர்த்தான். இரும்பைத் தொடவே இல்லை.

அந்தக் கையெழுத்து நாளிலிருந்து ஜாகரின் வலது கால் சுட ஆரம்பித்தது. இடது கால் பனியில் பதியும். வலது கால் பனியை உருக்கி மண்வரை போகும். அவன் எங்கே போனான், யார் வீட்டு வாசலில் நின்றான் என்று ஊருக்கே தெரிந்தது. நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிதோனின் தொழுவத்துக்கு வந்து நின்றான்.

"தப்புதான்டா. இந்தச் சூட்டைத் திருப்பி எடுத்துக்கோ. தாங்க முடியல."

ஸ்பிரிதோன் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "ரிக்குக்குக் குடுத்திருந்தா மூணே நாள்ல ஆறியிருக்கும். கூட்டாளிக்கில்ல குடுத்தேன்? அதை எப்படிடா திரும்ப வாங்குவேன்?"

ஜாகர் வந்த வழியே போனான். இன்றும் அந்தச் சாலையில் குளிர்காலம் முழுக்க ஒற்றைக்கால் தடங்கள் கறுப்பாகக் கிடக்கின்றன. வழுக்காது என்று தபால்காரர் அவற்றில் மிதித்துத்தான் போகிறார்.