தொட்டும் சேராத புள்ளி

கருமாதிக்கு முதல் நாள் காலையில் அச்சுத் தாள்கள் வந்தன. திருஞானசம்பந்தம் இருந்திருந்தால் உறையைப் பிரிக்காமல் அரை நாள் கையிலேயே வைத்திருப்பான். அவன் மனைவி அமுதம் உடனே பிரித்தாள். அவளும் கணக்குப் படித்தவள். காரைக்காலில் கல்லூரியில் பாடம் எடுப்பவள். பிழை திருத்தி அனுப்பிவிட்டால் வெளிநாட்டு இதழில் அவன் எழுதிய கணக்குக் கட்டுரை வந்துவிடும். மஞ்சள் காமாலையில் போனவன் விட்டுச் சென்றது அது ஒன்றுதான்.

“படையல்ல அத வைக்கணும்டி,” என்றாள் பங்கஜவல்லி. அவனுடைய அக்கா. தாயில்லாத தம்பியை இந்த விழிதியூர் வீட்டில் வளர்த்தவள். “புடிச்சதெல்லாம் வைக்கிறோம். சோத்தவிட இதத்தானே புடிச்சுது அவனுக்கு.”

“வைப்போம் அண்ணி.”

“யாரு கேட்டாலும் எந்தம்பி பலூன் கணக்குப் போடுறான்னு சொல்லுவேன். பக்கத்தூரு வரிச்சிக்குடில உள்ளவளுவ, அவன் பலூன் விக்கிறான்னே முடிவு கட்டிட்டாளுவ.”

அமுதத்துக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறாக மாறியது.

பலூன் என்பதும் தப்பில்லை. ஒரு மூடிய பரப்பு தன்னை வளைத்துக்கொள்ள எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறது? லேசாக அசைத்துப் பார்த்தாலும் அந்த அளவு ஏறாமல் இறங்காமல் நிற்கிற பரப்புகள் எவை? அவற்றையெல்லாம் வகைப்படுத்துவதே அவன் வேலை. அவன் வழி எளிமையானது. பரப்பின் ஒரு புள்ளியை முடிவிலிக்கு அனுப்பி, உள்ளதை வெளியாகத் திருப்பினால் அது சோப்புப் படலம் போல விரியும். அந்தப் படலத்தைத் திரும்ப மடித்தால் பழைய பரப்பு கிடைக்கும். இப்படிக் கிடைப்பவை எல்லாமே வழுவழுப்பானவை என்பது அவன் தேற்றம்.

படலத்தின் ஓரங்கள் இரண்டு விதமாகத் தூரத்துக்குப் போகலாம். சில, தரை போலத் தட்டையாகிவிடும். சில, மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். முதல் விதத்துக்குப் பக்கம் பக்கமாக நிரூபணம் இருந்தது. இரண்டாம் விதத்துக்கு, ‘இவ்வாறே’ என்று ஒரு சொல்.

கணக்குக்காரர்கள் எல்லோரும் எழுதுகிற சொல்தான். களைத்தபோது அவளும் எழுதியிருக்கிறாள். அச்சுப்பிழை தேடத்தான் உட்கார்ந்தாள். கை தானாக அந்த இரண்டாம் விதத்தைப் போட்டுப் பார்த்தது.

அவனுக்கு மிகவும் பிடித்த பரப்பு அந்த விதம். உளுந்து வடையை மேலும் கீழும் விரலால் அழுத்தி, துளை விழும் முன் நிறுத்தியது போன்ற வடிவம். பஸ் டிக்கெட்டின் பின்னால்கூட அதை வரைவான். நடுவில் இரு பக்கமும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. படத்தில் குறையே தெரியாது. ஆனால் அந்தப் புள்ளியை நெருங்க நெருங்க வளைவு எல்லையில்லாமல் ஏறியது; அங்கே வழுவழுப்பு இல்லை. மறுபடி போட்டாள். அப்படியேதான் வந்தது. முடிவிலிக்குப் போன புள்ளி திரும்பி வந்தாலும் இடம் ஆறவில்லை.

கட்டுரையின் பின்பாதி முழுவதும் ‘இவ்வாறே’ என்ற அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது.

அமுதம் இதழுக்கு எழுதினாள்: அச்சிட வேண்டாம்.

உறையை ஒட்டுவதைப் பங்கஜவல்லி பார்த்தாள். “திருப்பி அனுப்புறியா? வராதா அப்ப?”

“தப்பு இருக்கு அண்ணி.”

“எவ்வளவு பெரிய தப்பு?”

“ஒரு புள்ளிதான்.”

“ஒரு புள்ளிக்கா எந்தம்பி பேர அழிக்கிற? அங்க உள்ளவன் எவனுக்குடி தெரியப்போவுது?”

“அவருக்குத் தெரிஞ்சா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு.”

பள்ளிக்கூடத்தில் தப்பாகப் போட்ட கணக்குக்காகத் தட்டைத் தள்ளிவிட்டு அழுத பையனைப் பங்கஜவல்லிக்குத்தான் தெரியும். அடுப்படிக்குப் போய்விட்டாள். அமுதம் காரைக்காலுக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவன் படத்தின் முன் இலை போட்டார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை, அவன் மூக்குக் கண்ணாடி. இலைக்கு வலப்பக்கம் ஒரு தாள் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. யாரோ பழத்தட்டை அங்கே நகர்த்தினார்கள்.

“அத எடு,” என்றாள் பங்கஜவல்லி. “அங்க ஒண்ணும் வைக்காதீங்க.”